ஒற்றை எண்ணெய் சோப்பு

ஒன்பது எண்ணெய்! ஸ்நேகா பையிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துச் சமையல் மேடையில் வைக்க வைக்க, மெர்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆலிவ், பாதாம், ஆமணக்கு, திராட்சை விதை, அப்புறம் வாயில் நுழையாத பேரெல்லாம். டப்பாவில் வெண்ணெய் மாதிரி ஒன்று வேறு. சோப்பு ஊற்றப்போகிறாளா, கல்யாணச் சமையலுக்குச் சாமான் இறக்குகிறாளா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. புருஷனின் தங்கச்சி ஆயிற்றே, விடுமுறைக்கு வந்தவள் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டாள். அடக்கியது அரை நிமிஷம்கூட இருக்காது.

"இது இன்னா ஸ்நேகா, சோப்பா இல்ல கூட்டாஞ்சோறா?"

"கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க அண்ணி. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு குணம். வேப்பம்பட்டுல ஃபிளாட் ஆளுங்க இத கேட்டு வாங்குறாங்க. இந்தாங்க, நான் ஊத்துனது."

நீட்டிய சோப்பு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே ரோஜா இதழ் வேறு. மெர்சி அதை வாங்கிக்கொண்டு, நேரே பின்பக்கக் குழாயடிக்குப் போனாள்.

கும்மிடிப்பூண்டியில் அவர்கள் தெருவுக்கு வருவது போர்த் தண்ணீர். உப்பு. அதில் எந்தக் கொம்பன் சோப்பும் திரிந்த பால்போல் ஆகிவிடும். இதைத் தாங்குவது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான் என்று மெர்சி தானே ஊற்றி ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். அவ்வளவுதான் அவள் சோப்பு. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஆண்களின் கிரீஸ் அழுக்கை அது ஒரே தேய்ப்பில் எடுத்தது. தெருவில் பாதி வீட்டில் அந்த வெள்ளைக் கட்டிதான். மெர்சி சோப்பு என்று பேரே விழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தனக்கென்று ஒன்றும் வாய்க்காதவளுக்கு அந்தப் பேர் சின்ன விஷயம் இல்லை.

ஸ்நேகாவின் சோப்பைத் தேய்த்தாள். நுரை வரவில்லை. கையில் பிசுபிசுவென்று ஒட்டி, வாளித் தண்ணீரில் திட்டுத் திட்டாக மிதந்தது.

"பாரு, உன் ஒம்போது எண்ணெயும் மெதந்துகினு இருக்குது!" மெர்சி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஸ்நேகாவுக்கு முகம் சுண்டிப்போனது. "நுரை வந்தா மட்டும் போதுமா? வெறும் தேங்காண்ணெய் சோப்பு அழுக்கோட சேத்துத் தோல்ல இருக்கிற பசையையும் எடுத்துடும் அண்ணி. எங்க அண்ணன் கையப் பாருங்க!"

கூடத்தில் எபினேசர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஸ்பூனில். விரல் மடிப்பெல்லாம் வெடித்துக் கிடந்தது. காரக் குழம்பில் கை வைத்தால் எரிகிறது என்று கொஞ்ச காலமாகவே ஸ்பூன்தான். அவன் தலை நிமிரவில்லை.

"அது ஆசிட் தின்ன கை!" மெர்சி கத்தினாள். "கம்பிய ஆசிட் தொட்டில முக்கி முக்கி எடுக்குறவன் கை அப்படித்தான் இருக்கும். கையுறை குடுக்காத கம்பெனிய கேக்க வக்கில்ல, என் சோப்பு மேல பழி போட வந்துட்டா. நாளைக்கே கேட்டாண்ட போய் அந்த சூப்பர்வைசர் தணிகைவேலை நாலு கேள்வி கேக்குறேன் பாரு."

"வேணாம் மெர்சி," என்றான் எபினேசர் அவசரமாக. "சும்மா கெட. பேஜாரு பண்ணாத."

பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் மெர்சி கம்பெனி கேட்டில் நின்றாள். தணிகைவேல் அங்கே கான்ட்ராக்ட் ஆட்களை மேய்க்கும் சூப்பர்வைசர். டீ டம்ளரோடு வெளியே வந்தவரைக் குடிக்க விடவில்லை. மனுஷன் கையா, மாட்டுக் குளம்பா என்று ஆரம்பித்தாள். உங்கள் வீட்டுப் பிள்ளையை அந்தத் தொட்டியில் இறக்குவீர்களா என்றாள். வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டான். போகிற லாரியெல்லாம் வேகம் குறைத்து வேடிக்கை பார்த்தது.

தணிகைவேல் அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார்.

"யம்மா, இன்னா பேசுற நீ? எபினேசரு ஆசிட் செக்‌ஷன்லயே இல்லியே. அவன பேக்கிங்ல போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. கை ஆறட்டும்னு நான்தான் மாத்துனேன். ஊட்ல சொல்லல?"

தணிகைவேல் டீயை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார்.

"கையுறையும் குடுத்துக்கினுதான் இருக்கேன். அத கழட்டிப் போட்டுட்டு, நாஷ்டாவுக்கு முன்ன, சோத்துக்கு முன்ன, ஷிஃப்ட் வுடும்போதுன்னு எப்பப் பாத்தாலும் குழாயாண்ட நின்னுக்கினு கை கழுவுறான். வர்றவன் போறவனக் கூப்பிட்டு, 'நம்ம ஒய்ஃப் போட்ட சோப்பு, நுரையப் பாரு'ன்னு காட்டுவான். அவன் தொல்ல தாங்காம நாங்களும்தான் வாங்குறோம்."

அவர் சிரித்தபடி சொன்னார். மெர்சி சிரிக்கவில்லை. திரும்பி நடந்தாள்.

வழியெல்லாம் அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தணிகைவேல்மேல் பட்டுப் பார்த்தாள், ஒட்டவில்லை. ஸ்நேகாமேல் பட்டாள், அதுவும் நிற்கவில்லை. இரண்டு மாதமாகப் புருஷன் சட்டையில் ஆசிட் நெடி இல்லை. தினமும் துவைக்கிற தனக்கு அது உறைக்கவே இல்லையே! நுரையைப் பார்த்த கண்ணுக்குக் கை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் நடந்து வீடு சேர்வதற்குள் கோபமாகவே மாறிவிட்டது.

சாயங்காலம் எபினேசர் செருப்பைக் கழற்றும் முன்பே பிடித்துக்கொண்டாள்.

"பேக்கிங்ல கீறியாமே?"

அவன் மாட்டிக்கொண்டவன் முழிக்கிற முழி முழித்தான்.

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா, அப்புறம் கை ஏன் இன்னும் ஆறலன்னு கேப்ப. ஆசிட் தொட்டப்ப வெடிச்சது, ஆறுற நேரத்துல சோப்பு வுடல. அத நான் எப்படி வாயால சொல்றது? அந்த ஒண்ண வச்சிக்கினுதான நீ தெருவுல தல நிமிந்து நடக்குற."

"அதுக்கு? ரத்தம் வர்ற கையில எம் பேர வெளம்பரம் பண்ணுவியா? உன்ன யாருய்யா கேட்டா? வாயத் தெறந்து கை எரியுதுன்னு சொன்னா நான் இன்னா கடிச்சா தின்னுடுவேன்? நான் பொண்டாட்டியா, பேயா?"

"கோவம் வந்தா பேய்தான்," என்றான் எபினேசர் மெதுவாக.

வாசற்படியில் நின்ற ஸ்நேகா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உள்ளே ஓடினாள். மெர்சி அவன் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். கட்டைவிரல் மடிப்பில் ஒரு வெடிப்பு உள்சதை தெரிகிற அளவுக்கு ஆழமாக இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. கையை உதறிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"ஸ்நேகா, அந்த பாட்டிலுங்கள எடு. ஒண்ணொண்ணா சொல்லு. ஆமணக்கு எதுக்கு?"

"நுரை நிக்கும் அண்ணி."

"ஆலிவ்?"

"தோலுக்கு இதமா இருக்கும்."

"திராட்சை விதை?"

ஸ்நேகா யோசித்தாள். "கிளாஸ்ல போட்டாங்க."

"போட்டாங்கன்னா? எதுக்குன்னு தெரியாத எண்ணெய் என் சட்டியில வுழக் கூடாது. அத தள்ளி வை."

இப்படியே விசாரணை நடந்தது. கடைசியில் மூன்றுதான் மேடையில் நின்றது. உப்புத் தண்ணீருக்காகத் தேங்காய் எண்ணெய்தான் அதிகம். தோலுக்கு ஆலிவ், கொஞ்சம் ஆமணக்கு. மெர்சி பழக்கதோஷத்தில் எப்போதும்போலக் காஸ்டிக்கை அள்ளப் போனாள். ஸ்நேகா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அவ்ளோ போடாதீங்க! தேங்காண்ணெய்தான் காஸ்டிக்க அதிகமா இழுக்கும். மத்தது அவ்ளோ இழுக்காது. பழைய அளவுல போட்டா மிச்சம் நின்னு கை வெந்துடும். எண்ணெயும் கொஞ்சம் அதிகமா இருக்கட்டும், தோல்ல பசை நிக்கும்."

மெர்சி அவள் சொன்னபடியே குறைத்துப் போட்டாள். அது அவள் கேட்ட மன்னிப்பு என்று ஸ்நேகாவுக்குப் புரிந்தது. இருவரும் சேர்ந்து கிண்டி அச்சில் ஊற்றினார்கள்.

ஊற்றினால் ஆயிற்றா? வெட்டிக் காய வைத்து, காரம் அடங்கிப் பயன்படுத்த ஒரு மாதம் ஆகும். அதுவரை அவன் எதில் கை கழுவுவான்?

மெர்சி தெருமுனைக் கடைக்கு நடந்தாள். அன்புராஜ் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் அவள் வெள்ளைக் கட்டிகளை அடுக்கி வைத்திருப்பான். கடையில் கூட்டம். அடுத்த தெருக் குப்பம்மாள் கையில் அதில் ஒன்று.

"கைக்கு மெதுவா இருக்கிற சோப்பு ஒண்ணு குடு அன்புராஜ். கொழந்தைங்களுக்குப் போடுறது."

அன்புராஜ் சிரித்தான். "இன்னாக்கா, ஊருக்கெல்லாம் உன் சோப்பு, உனக்குக் கம்பெனி சோப்பா?"

ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். விருந்தாளி வந்திருக்கிறது என்றால் போதும். மெர்சியின் நாக்கு அதற்கு வளையவில்லை.

"என் சோப்பு என் புருஷன் கையக் கெடுத்துடுச்சி. அதான். அந்தக் கட்டியெல்லாம் எடுத்து இப்படி வை. கைக்குப் போடாதீங்க. துணிக்கு வேணும்னா போட்டுக்கங்க."

குப்பம்மாள் கையிலிருந்த கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் கை வெடிச்சிக்கினுதான் கீது மெர்சி. நான் கம்பெனியாலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அது மெர்சிக்குச் செருப்படிதான். குப்பம்மாள் திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம். மெர்சி அவள் கையிலிருந்ததையும் வாங்கி மற்றதோடு பையில் போட்டுக்கொண்டாள். கடைச் சோப்பில் இரண்டு வாங்கினாள். ஒன்றைக் குப்பம்மாள் கையில் திணித்தாள்.

வீட்டுக்கு வந்து மற்றதை எபினேசர் மடியில் விட்டெறிந்தாள். "இதுலதான் கழுவணும். நுரை வரலன்னாலும் இதுதான். மொணமொணக்காம கழுவு."

அவன் அதைப் புரட்டிப் பார்த்தான். "கம்பெனில பசங்க கேப்பாங்களே மெர்சி. நான் இன்னா சொல்றது?"

"எம் பொண்டாட்டிக்கு இன்னும் சோப்பு போடத் தெரியலன்னு சொல்லு," என்றாள் மெர்சி. "கத்துக்கினு இருக்கான்னு சொல்லு. குழாயாண்ட நின்னு சத்தமா சொல்லு, இத்தினி நாளா சொன்ன மாதிரியே."