நாற்பது நாள் புல்

காலை எட்டே காலுக்கு ஜேசிபி உறுமிய உறுமலில், தொட்டியில் வாய் வைத்திருந்த முப்பத்தெட்டு மாடுகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. ஞானசௌந்தரி பால் கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கேன் உருண்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை.

இன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்!

பத்து மணிக்கு வருவாய்த் துறை அதிகாரி தோத்தாத்ரி வருகிறார். முடிச்சூர் ஏரிக்குக் கீழே கிடக்கும் இருபத்திரண்டு ஏக்கர் ஊர்ப் பொது மேய்க்காலை அவர் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கை சாதகமாக இருந்தால் இன்னும் பத்து வருஷம் மேய்ச்சலுக்கு அனுமதி. இல்லாவிட்டால் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்துமிடம். வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்று மனுக் கொடுத்திருப்பவர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ஜெபசீலன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கொசு, நாற்றம், ரோட்டில் மாடு என்று பதினான்கு காரணங்களை வரிசை எண் போட்டு எழுதியிருந்தார்.

சத்தம் மேய்க்காலின் ஒன்பதாம் துண்டிலிருந்து வந்தது.

மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்தவள் ஞானசௌந்தரி. அங்கே இயந்திரங்களுக்கு ஓய்வு அட்டவணை போட்ட கையால்தான் இங்கே புல்லுக்கும் போட்டாள். மாடு வைத்திருக்கும் இருபத்திரண்டு குடும்பங்களும் சங்கம் சேர்ந்து, நிலத்தைப் பதினோரு துண்டாக்கி வேலி கட்டின. ஒரு துண்டில் நாலு நாள் மேய்ச்சல், பிறகு நாற்பது நாள் கதவு மூடல். மூடிய கதவில் சிவப்புத் துணி தொங்கும். துணியை மீறி யாருடைய மாடு உள்ளே போனாலும், மாட்டுக்காரர் ஒரு வாரம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும். ஆறாயிரம் லிட்டர் தொட்டி, விரல் கனத்துக்குப் பாசி. அதற்குப் பயந்தே ஊரில் எல்லோரும் ஒழுங்காக இருந்தார்கள்.

ஒன்பதாம் துண்டு மூடி இன்றோடு முப்பத்தொன்பது நாள். இடுப்பு உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல். அதிகாரிக்குக் காட்டுவதற்கென்றே அவள் கண்ணில் வைத்துக் காத்தது. இப்போது கதவு திறந்து கிடந்தது. சிவப்புத் துணி சேற்றில் மிதிபட்டிருந்தது. பாதி நிலம் வழித்துப்போட்ட தலை மாதிரி மொட்டையாக நின்றது.

நேராகப் போய் ஜேசிபியின் வாளிக்கு முன்னால் நின்றாள். ஓட்டுநர் பதறி வண்டியை அணைத்தார்.

"யாருங்க உங்கள வரச் சொன்னது? அந்த ஃபிளாட் காரரா?"

ஓட்டுநர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே புதுச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான் மாரி. சங்கத்தின் துணைத் தலைவன்!

"இன்னாக்கா, சர்ப்ரைஸ் எப்டி? ஆபீசர் வர்றாரு, காடு மாரி மண்டிக் கீது. பாத்தா இன்னா நெனப்பாரு? அதான் நைஸா வழிச்சு, ரெண்டு பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டு..."

"சுண்ணாம்புக் கோடா?"

"மந்திரி வந்தப்ப ஸ்கூல் கிரவுண்டுல அப்டித்தானே போட்டாங்கோ? ஆபீசருன்னா கிளீனா கீறதுதான் புடிக்கும்க்கா."

அவளுக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது. இருபது வருஷமாக அதிகாரி வருகிறார் என்றால் புதரை வெட்டு, கோடு போடு என்றுதான் மாரிக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

"புல்லு இருக்குதான்னு பாக்க வர்ற ஆளுக்குப் புல்லை வழிச்சுக் காட்டுறியேடா! இந்த வாரம் தொட்டி உனக்குத்தான்."

"மாடு உள்ள போனாதானேக்கா ரூலு? நான் ஜேசிபிதானே..."

"ரெண்டு வாரம்."

மாரி வாயை மூடிக்கொண்டான். மூடியதும்தான் நடந்தது உறைத்தது போலிருக்கிறது, முகம் சுண்டிப்போனது. "பூட்ச்சாக்கா? எல்லாம் பூட்ச்சா?"

"ஒண்ணும் போகல. வாயை மட்டும் திறக்காத."

அவள் மொட்டைப் பாதியையும் புல் நின்ற பாதியையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரே மண், ஒரே சரிவு. சரிவின் அடியில் ஜெபசீலனின் குடியிருப்புச் சுவரும் வண்டி இறங்கும் வாசலும். அடைமழையில் எந்தத் துண்டில் தண்ணீர் தேங்குகிறது, எதில் காணாமல் போகிறது என்று மூன்று வருஷமாகக் குடை பிடித்து நின்று பார்த்தவள் அவள். அந்த மழையை இன்றைக்கு எங்கிருந்து கொண்டுவருவது?

ரோட்டில் ஹாரன் அடித்தது. அடுக்குமாடிக்குத் தினம் வரும் தண்ணீர் லாரி! அவள் ஓடிப்போய், பத்து மணி வரை தண்ணீரை இறக்காமல் வாசலிலேயே நிற்கும்படி லாரிக்காரரிடம் கேட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்குத் தோத்தாத்ரி வந்தார். ஐம்பது வயது, தொப்பி, கையில் கோப்பு. கூடவே குடையை ஊன்றிக்கொண்டு ஜெபசீலனும் வந்தார். வழித்த நிலத்தைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பாருங்க சார், அவங்களே லெவல் பண்ணிட்டாங்க! சிமெண்ட் போட வேண்டியதுதான் பாக்கி."

தோத்தாத்ரி புருவத்தை உயர்த்தினார். "என்னம்மா இது? மேய்க்கால்னு சொல்லிட்டு மண்ணைக் காட்டுறீங்க?"

"எங்க ஆளு செஞ்ச தப்பு சார். மறைக்கல. ஆனா அதையே வெச்சு ஒண்ணு காட்டுறேன்." அவள் ஜெபசீலன் பக்கம் திரும்பினாள். "சார், வாசல்ல நிக்கிற உங்க லாரியில பாதித் தண்ணி குடுங்க."

"எதுக்கு?"

"இந்த மொட்டையில கொஞ்சம், புல்லுல கொஞ்சம். ஒரே அளவு. எந்தப் பக்கத்துத் தண்ணி உங்க வாசலுக்கு வருதுன்னு பாப்போம்."

ஜெபசீலன் சிரித்தார். "என் தண்ணிய ஊத்தி என் மனுவையே தோற்கடிக்கவா? நல்ல கதையா இருக்கே மேடம்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தா, பதினோரு கேட்டுச் சாவியும் இப்பவே உங்க கையில. சிமெண்ட் போட்டுக்குங்க."

"அக்கா!" என்று மாரி அலறினான். "இன்னாக்கா பேசுற? நம்ம மாடுங்க எங்க போவும்?"

"உன் மாடு உன் புதுச் சட்டைய மேயும். சும்மா இரு."

அதிகாரி கோப்பை மூடிவிட்டார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. "செயலாளர் சார், நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே? பரிசோதனைன்னா பயமா?"

இந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. ஜெபசீலன் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "அஞ்சு நிமிஷம் அங்க, அஞ்சு நிமிஷம் இங்க. சுவரிலேர்ந்து ரெண்டுக்கும் நாப்பதடி. நானே அளக்கிறேன்" என்று குடையால் அடி அளந்து கோடு கிழித்தார்.

முதலில் மொட்டைப் பக்கம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொஞ்ச நேரம் குட்டையாக நின்று யோசித்தது. ஜேசிபியின் டயர் அழுத்திய மண் கல்லாக இறுகியிருந்தது. பிறகு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஒரு நாக்கு நீண்டது, இரண்டானது, மூன்றானது. நாலாம் நிமிஷம் அது சுவரோரம் திரும்பி, வண்டி இறங்கும் வாசல் வழியாக உள்ளே போய் ஒரு வெள்ளைக் காரின் டயரை நனைத்தது. ஜெபசீலனின் கார்.

அடுத்து புல். ஞானசௌந்தரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டிய கைக்குள் விரல்கள் சாவிக்கொத்தை இறுக்கிக்கொண்டிருந்தன. குழாய் திறந்தது. சளசளவென்று சத்தம் மட்டும் கேட்டது, தண்ணீரைக் காணோம். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். புல்லோரத்தில் ஈரம் பளபளத்தது. ஜெபசீலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லுக்குள்ளேயே இறங்கிவிட்டார். குனிந்து தண்டுகளை விலக்கிப் பார்த்தார், குடை முனையை மண்ணில் குத்தினார். அது சாணமும் வேருமாக மெத்தென்றிருந்த மண்ணில் ஒரு சாண் இறங்கியது. ஐந்தாம் நிமிஷம் முடிந்தபோது தண்ணீர் பன்னிரண்டு அடி வந்திருந்தது. சுவருக்கு இன்னும் இருபத்தெட்டு அடி பாக்கி.

"இன்னும் அஞ்சு நிமிஷம் விடுங்க" என்றார் ஜெபசீலன்.

"சார், வூட்ல குளிக்கத் தண்ணி வேணாமா?" என்றான் மாரி.

"விடுப்பா!"

பத்து நிமிஷத்துக்குப் பதினேழு அடி. அவர் எழுந்து நின்றார். முழங்கால்வரை ஈரம்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல," என்றார் யாரிடமும் சொல்லாத மாதிரி, "கீழ்த்தள அறையில வெச்சிருந்த என் முப்பது வருஷ நோட்ஸ், புத்தகம், எல்லாம் ராத்திரியோட ராத்திரியா மிதந்து போச்சு. ஏரி உடைஞ்சுதான் வந்ததுன்னு நினைச்சிருந்தேன்."

"ஏரியும்தான் சார். இந்த நிலமும் அப்ப தெருவாட்டம் மொட்டையா கெடந்துச்சு. யார் மாடு வேணா எப்ப வேணா மேயும். நானும்தான் அவுத்து விட்டேன்" என்றாள் ஞானசௌந்தரி. "ஓய்வு குடுக்க ஆரம்பிச்சது இப்ப மூணு வருஷமாத்தான்."

தோத்தாத்ரி கோப்பைத் திறந்தார். "உங்க மனு சார்?"

ஜெபசீலன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பதினான்கு காரணங்களுக்கும் குறுக்காக ஒரே கோடு. பிறகு சற்று யோசித்து, "ரோட்டுல மாடு மட்டும் அப்படியே இருக்கட்டும். அது உண்மை" என்று ஒன்பதாவது காரணத்துக்கு மட்டும் பக்கத்தில் டிக் போட்டார்.

"அது உண்மைதான் சார். நாங்களே கட்டுப்படுத்துறோம்" என்றாள் அவள்.

இரண்டாம் வாரம் அனுமதிக் கடிதம் வந்தது. முழுசாகப் பத்து வருஷம். மாரி தொட்டிக்குள் இறங்கி நின்றபடியே, கையில் பிரஷ்ஷோடு ஒரு ஆட்டம் போட்டான். ஒன்பதாம் துண்டின் மொட்டைப் பாதியில் விதை தூவி, சாணம் இறைத்து, புதுச் சிவப்புத் துணி கட்டியாயிற்று. பச்சை இப்போதுதான் ஊசி ஊசியாக எட்டிப் பார்த்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கைப்பேசி அலறியது. மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ஜெபசீலன்.

"மேடம், சிவப்புத் துணி கட்டின ஒன்பதாம் துண்டுல ஒரு செவலை மாடு நின்னு மேயுது, நல்லா பாத்துட்டேன், உங்க மாடுதான், தொட்டி கழுவ எத்தனை மணிக்கு வர்றீங்க?"