குளிரில் வைத்த குழாய்

லேபில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘பட்டாசு’. முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடுவதில்லை. அந்தத் தைரியம் யாருக்கு இருக்கிறது? முதுகுத்தண்டு நீரை ஃபிரிட்ஜில் வைத்தால் மூளைக்காய்ச்சல் கிருமி செத்துப்போகும் என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவள் நான்.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணின் தண்டுநீர் ஒருநாள் சாயங்காலம் ஒரு குழாயில் வந்தது. மைக்ராஸ்கோப்பில் சீழ் அணுக்கள் குவியலாகத் தெரிந்தன, கிருமி மட்டும் கண்ணில் படவில்லை. கல்ச்சர் தட்டில் கிருமியை வளர்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். மெனிங்கோகாக்கஸ் என்றால் கூட இருப்பவர்களுக்கும் தொற்றும், அறைத் தோழிகள் எல்லோருக்கும் உடனே மாத்திரை. நிமோகாக்கஸ் என்றால் தேவையில்லை. சுகாதார அதிகாரி அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

டூட்டி முடிகிற நேரம். ‘மாப்பிள்ளை’யிடம் வேலையை ஒப்படைத்தேன். என்னைப் போலவே படித்த டெக்னீஷியன். எந்நேரமும் இஸ்திரி கலையாமல் வருவதால் அந்தப் பெயர்.

“கல்ச்சர் தட்டை ஃபிரிட்ஜ்லேர்ந்து வெளிய எடுத்து வெச்சிருக்கேன். ஜில்லிப்பு போனதும் தண்டுநீரை அதுல போட்டுடு. குழாய் இன்குபேட்டர்ல, சூட்டுல இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றேன். அடுத்த நாளும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கே அந்த விடுதியில் இன்னொரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அதே அறை; பதில் வராததால் மாத்திரை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அதிகாரி வாசலில் நிற்கும்போதே மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னய்யா பண்ணி வெச்சே? ஒரு தட்டு ஒழுங்காப் போடத் துப்பில்லையா?”

அதிகாரி போன் பேச நகர்ந்த பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, குழாய் இன்குபேட்டர்ல இல்ல. ஃபிரிட்ஜ்ல, தட்டு இருந்த இடத்துல இருந்துச்சு.”

ஒரு கையில் குழாயோடு ஃபிரிட்ஜைத் திறந்தது, தட்டுகளை எடுப்பதற்காகக் குழாயை உள்ளே வைத்தது, எல்லாம் கண் முன்னால் வந்தது. அடிப்பாவி, நானேதான்!

அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? “உடனே எனக்கு ஒரு போன் அடிக்கறதுக்கென்ன? வார்டுல அதே பொண்ணோட தண்டுநீர் இன்னொரு குழாய் இருந்துச்சே!”

“போனைக் கையில எடுத்தேன்க்கா. போன வாரம் எல்லார் முன்னாடியும் ‘எனக்கே பாடம் எடுக்கறியா’ன்னு கத்துனீங்களே, அது ஞாபகம் வந்துச்சு. வெச்சுட்டேன்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் நர்ஸ் அடுத்த பெண்ணின் தண்டுநீரோடு வந்துவிட்டாள். பின்னாலேயே வந்த அதிகாரி மாப்பிள்ளையிடம், “தம்பி, இதையாவது ஒழுங்காப் பண்ணுங்க” என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு “சரி சார்” என்றான்.

“சார், தப்பு அவன்மேல இல்ல. ஃபிரிட்ஜ்ல வெச்சது நான்.”

கத்தியே பழகிய குரல் பாதியிலேயே உள்ளே போய்விட்டது. “என்னம்மா? கேக்கல” என்றார். மறுபடியும் சொன்னேன், இந்த முறை வராண்டா வரைக்கும் கேட்கும்படி. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குழாயை வாங்கினேன். நர்ஸின் உள்ளங்கைச் சூடு அதில் இன்னும் இருந்தது. வந்திருக்கவே வேண்டாத குழாய்.

“நான் இதை எங்க வைக்கறேன்னு கூடவே நின்னு பாரு. தப்பா வெச்சா கத்து” என்றேன் மாப்பிள்ளையிடம்.

“சரிக்கா” என்றான். குழாயைப் பார்க்காமல், எப்போது வெடிப்பேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.