சக்கரத்துக்கு வைக்கும் கல்

வேன் செத்துவிட்டது என்று அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டான். பழைய இரும்புக்காரரும் கயிற்றோடு வாசலில் வந்து நின்றார். வேன் போனால், மருத்துவமனைகளுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் என் தொழிலும் போகும். மறுபடியும் அண்ணன் கடை இஸ்திரி மேசை, அண்ணன் அதிகாரம். அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

காலையில் தெருமுனை வரைதான் ஓட்டினேன். நகரமாட்டேன் என்று வேன் முரண்டு பிடித்தது. பின்னால் கருகல் நாற்றம். திட்டிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தேன்.

"ஆக்சிலே போச்சு. தள்ளு, அவர் கட்டி இழுத்துட்டுப் போகட்டும்," என்றான் அண்ணன்.

"தொட்டுப் பார்த்தியா? உயிரோட இருக்கும்போதே பாடை கட்டாத."

முன்சக்கரங்கள் சூடேறவே இல்லை. பின்சக்கரம் இரண்டுக்கும் கிட்டே கை கொண்டுபோக முடியவில்லை. ஒன்றில் மட்டும் பிரேக் இறுகிப் பிடித்தால் அந்தச் சக்கரத்தின் கோளாறு. இரண்டும் சேர்ந்து பிடித்தால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று.

முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒரு பின்சக்கரத்தைத் தூக்கித் தாங்கி நிறுத்தினேன். பிரேக் ஆயில் திருகைத் தளர்த்தினேன். அழுத்தமில்லாமல் சொட்டியது, சக்கரம் அசையவில்லை. ஆயில் மேல் பழியில்லை. அடியில் நுழைந்தேன். உள்ளே ஹேண்ட் பிரேக் இறக்கித்தான் இருந்தது. ஆனால் அதன் கேபிள், துணி காயப்போடும் கம்பி போல் விறைத்து நின்றது. இழுத்தது இழுத்தபடியே துருவில் சிக்கி, தளரவே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. பழைய வேன் என்பதால் எங்கள் வீட்டில் ஹேண்ட் பிரேக்கை யாரும் தொடுவதில்லை. வேனை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல், அவ்வளவுதான்.

"அண்ணா, நேத்து இவருக்குக் காட்ட வேனை எடுத்தியே, ஹேண்ட் பிரேக் போட்டியா?"

அவன் முகம் சுருங்கியது. "வெளியாள் முன்னாடி கல்லைத் தேடிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

இரும்புக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே பார்த்தார். வெட்டிக் கௌரவத்துக்கு ஒரு இழுப்பு இழுத்து என் பிழைப்பைக் கட்டிப்போட்டுவிட்டு, பழியை வேன் மேல் போடுகிறான்!

கேபிள் முனை நட்டை முழுக்கத் தளர்த்தினேன். தூக்கி நிறுத்திய சக்கரத்தைக் கையால் தள்ளினேன். சுற்றியது. இரும்புக்காரர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

சக்கரத்தை இறக்கி, விரிப்பு மூட்டைகளை ஏற்றினேன்.

"சாவியைக் குடு. விக்கிறதா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணணும்," என்றான் அண்ணன்.

முன்சக்கரத்திலிருந்து கல்லை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"சாவி என்கிட்டதான் இருக்கும். இது உன்கிட்ட இருக்கட்டும். நான் திரும்பி வந்ததும் நீயே கொண்டுவந்து வை. யார் பார்த்தாலும் சரி."