ஒரு சாண் இடைவெளி

எறிக் அத்தான் தன் படங்களை வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொடுவார். அக்காவுக்கு மட்டும் வெறுங்கை.

படங்கள் என்றால், பழைய ஹொலிவூட் கவ்போய் படமொன்றின் விளம்பரத்துக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். புல்வெளியில் வந்து குடியேறிய ஒரு ஏழைக் குடும்பத்தைத் துப்பாக்கிக்காரன் ஒருவன் விரட்டப் பார்க்கிற கதை. அமெரிக்காவில் ஏதோ ஆவணக் காப்பகத்தை மூடியபோது வாங்கி, சிட்னியில், தன் பிளாக்டவுன் வீட்டு ஹோலில் வரிசையாக மாட்டியிருந்தார்.

அதில் இரண்டு படங்கள்தான் அவருக்கு உயிர். ஒன்றில் துப்பாக்கிக்காரன் அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தில் குத்துகிறான். அடுத்ததில் அவள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, அதன் அடிக்கட்டையால் அவனை அடித்து விழுத்துகிறாள்.

"உண்மையில படாது," என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். "கைக்கும் முகத்துக்கும் நடுவில ஒரு சாண் இடைவெளி. முன்னால நிண்டு பாத்தால் பட்ட மாதிரி இருக்கும். பக்கத்தால பாத்தால் குட்டு உடைஞ்சிடும்."

பிறகு மரியமலர் அக்காவை எழுப்பி நிறுத்தி, இரண்டு படங்களையும் நடித்துக் காட்டுவார். துப்பாக்கிக்குப் பதில் கிரிக்கெட் மட்டை. சனம் முன்னால் கதிரைகளில் இருந்து கைதட்டும்.

அந்த ஒரு சாண் எப்போதோ காணாமல் போய்விட்டது. நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல எடுத்தபோது அக்கா வீடியோவில் தன் விலாவைக் காட்டினாள், கறுத்துப்போய் இருந்தது. நான் கொட்பிறி அங்கிளுக்குப் போன் அடித்துச் சொன்னேன். சிட்னியில் எங்கள் மன்னார் ஆட்களுக்கு அவர்தான் பெரியவர்.

"எங்கட கண்ணுக்கு முன்னால தானே செய்யிறான். அது நடிப்பு, பிள்ளை," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

அத்தானின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மெல்பேர்னிலிருந்து நான் காரோட்டி வந்தது கேக் தின்ன இல்லை, அக்காவைக் கூட்டிப்போக. அவளுடைய பாஸ்போர்ட்டும் உடுப்புப் பையும் காலையிலேயே என் காரில் ஏறிவிட்டன. அக்கா மட்டும் ஏறவில்லை.

"நான் போனால் எல்லாரும் என்னைத்தான் பிழை சொல்லுவினம், நிஷானி. ஒருத்தரும் நம்பமாட்டினம்."

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அத்தான் சட்டைக் கையை மடித்தார். நான் ரோல்ஸ் தட்டோடு குசினி வாசலில், அவர்களுக்குப் பக்கவாட்டில் நின்றேன். அவர் கையை ஓங்கினார். இடைவெளி இல்லை. பச்சைத் தேங்காயைச் சுவரில் எறிந்த மாதிரி ஒரு சத்தம். அக்காவின் உதடு பிளந்து இரத்தம் நாடியால் வழிந்தது.

சனம் கைதட்டியது.

"இந்தமுறை இரத்தத்துக்குத் தக்காளி சோஸ் எல்லாம் வைச்சிருக்கினம்!" என்றார் கொட்பிறி அங்கிள்.

"உண்மையா அடிக்கிறார்!" என்று நான் கத்தினேன். தட்டு கீழே விழுந்தது.

"தங்கச்சியையும் நடிக்கப் பழக்கிப்போட்டாங்கள்!" யாரோ சொல்ல, ஹோல் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

அத்தான் சிரித்துக்கொண்டே மட்டையை நீட்டினார். "மலர், இப்ப உம்மட முறை."

அக்கா இரத்தத்தைத் துடைக்கவில்லை. மட்டையை வாங்கினாள். என்னைப் பார்த்தாள். பிறகு வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். அத்தானுக்கு அது விளங்கிவிட்டது. முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் மாறியது. கையைத் தூக்குவதற்குள் மட்டை வந்துவிட்டது.

மூக்கெலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. அவர் சுவரில் மோதி, இரண்டு படங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். கண்ணாடி நொறுங்கியது. வெறுங்கையால் படத்தைப் பிடித்தார், அந்தப் பெண்ணின் முகமெல்லாம் இவருடைய இரத்தம். அக்கா இன்னொருமுறை ஓங்கி, முழங்காலில் போட்டாள்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது.

"ஐயோ, உண்மையா அடிச்சுப்போட்டாள்! பொலிசைக் கூப்பிடுங்கோ!" அத்தான் நிலத்தில் கிடந்து குழறினார்.

கொட்பிறி அங்கிளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "எறிக், இண்டைக்குத்தானடா திறமா நடிச்சிருக்கிறாய்!"

அக்கா மட்டையைக் கதிரையில் சாத்திவிட்டு, "வா, போவம்," என்றாள்.

காரில் ஏறி சீற் பெல்ற் போட்டாள். உள்ளே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.