பச்சைக் கோட்டுக்காரி படித்த கல்லூரி

1

மகளிடம் நேருக்கு நேர் சொல்லத் துணிவில்லாத ஒரு விஷயத்தைக் கதையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். இலக்கிய நோக்கம் எதுவும் கிடையாது. வணிக மேலாண்மை படிக்க அவளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். இப்போது வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்று. அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள்.

முதல் தொடக்கம்: 'உலகமே திரும்பிப் பார்க்கும் கல்லூரியின் வாசலில் ஒரு தந்தை...' அடித்துவிட்டேன். இருபது வருடமாகக் கல்லூரிகளுக்கும் மெத்தைக் கடைகளுக்கும் விளம்பரக் கையேடு எழுதிப் பிழைப்பவன் நான். கை தானாகவே அந்தப் பக்கம் போகிறது.

இரண்டாம் தொடக்கம்: 'அந்தப் பெண் பிறக்கவே இல்லை.' இது உண்மைதான். ஆனால் பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த இரண்டில் பெரிய கல்லூரிக்குக் கையேடு எழுதினேன். பழைய மாணவி ஒருத்தியின் வெற்றிக்கதை வேண்டும், அதுவும் நாளைக்கே வேண்டும் என்றார்கள். நிஜ மாணவிகள் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. நானே ஒருத்தியை உருவாக்கினேன். பச்சைக் கோட்டு, மூன்று நாடுகளில் நிறுவனம், ஓயாமல் கேள்வி கேட்கும் குணம். படத்தை அச்சகக்காரர் கொடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றுக்காக எடுத்து, கடைக்காரருக்குப் பிடிக்காமல் போன படம்.

(அவளுக்கு ஒரு பெயரும் வைத்தேன். அதை இங்கே எழுதினால் கல்லூரி என்மேல் வழக்குப் போடும். அவளே போட்டாலும் ஆச்சரியமில்லை. ஏன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.)

2

கையேட்டில் அவள் இருந்த பக்கம் வருடாவருடம் மறுபடி அச்சாகிக்கொண்டே இருந்தது. போன வருடம் என் மகள் அதைக் கத்தரித்துத் தன் அலமாரிக் கதவில் ஒட்டினாள். பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் எழுத்தை ஒருவர் வெட்டி ஒட்டி வைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் அவள் பச்சைக் கோட்டு கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

என் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. "நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்," என்றாள்.

பெரிய கல்லூரியில் சேர்ந்தால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். அது திரும்பி வரும்போது நான் எழுபதைத் தொட்டிருப்பேன். சின்னக் கல்லூரியில் ஏழில் ஒரு பங்குதான் செலவு. ஆனால் அதன் பெயரைச் சொன்னால் கேட்பவர்கள் எல்லோரும் 'எது?' என்பார்கள்.

3

பெரிய கல்லூரியைச் சுற்றிப் பார்க்க மூவரும் போனோம். ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. எனக்கு மட்டும் திறக்கவில்லை. மகளின் பின்னால் ஒட்டிக்கொண்டு நுழைந்தேன். நீளமான நடையின் கடைசியில் பச்சைக் கோட்டுக்காரியின் பெயரில் ஓர் அரங்கம். பொதுவாக அரங்கத்துக்குப் பெயர் வைக்க ஆள் இறந்திருக்க வேண்டும். இவள் பிறக்கக்கூட இல்லை.

"என்கிட்ட படிச்ச பொண்ணு," என்றார் பேராசிரியர். "மூணாவது வரிசை, ஜன்னலோரம். கேள்வி கேட்டே என் உயிரை எடுத்துடுவா."

கேள்வி நான் எழுதியது. ஜன்னல் அவருடைய சொந்தக் கற்பனை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

வேலைவாய்ப்பு அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போனார். "போன மாசம்கூட வந்தாங்க. நம்ம பசங்க எட்டுப் பேரை அவங்க கம்பெனிக்கு எடுத்துட்டாங்க."

"அந்த எட்டுப் பேரும் இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"அங்கதாங்க," என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வண்டி நிறுத்துமிடம் இருந்தது.

மகள் அரங்கத்துக்குள் போயிருந்தபோது பேராசிரியரை ஓரமாகக் கூட்டிப் போய் உண்மையை உடைத்தேன். "சார், அந்தப் பொண்ணு நான் எழுதினது."

அவர் என் தோளில் தட்டினார். "நீங்க எழுதினது ஒரு பக்கம் சார். நாங்க அவளுக்கு மூணு வருஷம் பாடம் நடத்தியிருக்கோம்."

(குறிப்பு: அவளை உருவாக்க எனக்குக் கிடைத்த கூலி அந்தக் கல்லூரியின் விண்ணப்பக் கட்டணத்தைவிடக் குறைவு.)

4

சின்னக் கல்லூரி ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. முதல்வரே வந்து ஷட்டரைத் தூக்கினார்.

"இங்க படிச்சவங்க எல்லாம் எங்க சார் வேலை பார்க்கறாங்க?" என்றாள் மகள்.

"ரெண்டு பேர் கீழ டைல்ஸ் கடையிலம்மா. அந்தக் கடைக்கு முதலாளியும் இங்க படிச்ச பொண்ணுதான். கட்டடத்தையும் வாங்கிட்டா. நாங்க இப்ப அவளுக்குத்தான் வாடகை கட்டுறோம்."

"இதையெல்லாம் விளம்பரத்துல போடலாமே சார்?"

"எழுதத் தெரிஞ்ச ஆள் யாரும் கிடைக்கலைம்மா."

நான் தரையைப் பார்த்தேன். நல்ல டைல்ஸ்.

இந்த முதல்வர்மேல் எனக்கே சந்தேகம். அளவுக்கு மீறி நல்லவராக வருகிறார். சின்ன இடம் என்றால் யோக்கியமான இடம் என்று எழுதுவது மெத்தை விளம்பரத்தைவிடப் பெரிய பொய். அதனால் குறை தேடினேன். நூலகம் எங்கே என்று கேட்டால் ஒரு பீரோவைக் காட்டினார். அது பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்பது அவருக்குத் தெரியவில்லை. புள்ளியியல் ஆசிரியர் எங்கே என்றால், "வந்துக்கிட்டே இருக்கார்," என்றார். எட்டு மாதமாக வந்துகொண்டிருக்கிறாராம். இதையும் நீங்கள் தராசில் வைக்க வேண்டும்.

5

மணி மூன்று. கதைக்குச் சில முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

பெரிய கல்லூரி: மூன்றாவது வரிசை ஜன்னலோர இருக்கையில் யாரும் உட்காரக் கூடாதென்று கயிறு கட்டியிருக்கிறார்கள். என் மகள் அந்தக் கயிற்றைத் தாண்டி...

சின்னக் கல்லூரி: ஒருநாள் பீரோ திறக்கிறது. உள்ளே புள்ளியியல் ஆசிரியர். (அடித்துவிட்டேன். ஆனால் ஆசை விடவில்லை.)

இன்னொன்று: பச்சைக் கோட்டுக்காரி தொலைபேசியில் கூப்பிடுகிறாள். "சார், தயவுசெஞ்சு உங்க பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. எட்டுப் பேருக்கு மாசம் பொறந்தா சம்பளம் போடணும்."

மூன்றுமே நான் நழுவப் பார்க்கும் வழிகள். சொல்ல வேண்டியதை முதல் பகுதியிலேயே சொல்லியாகிவிட்டது. தாள்களைக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்துவிட்டு வந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன்.

6

(இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.)

நாலேகாலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒரு வருஷம்ப்பா! அந்தக் கோட்டு வாங்கப் போன அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். தப்புத்தாம்மா."

"இதுல எந்தக் காலேஜ்னு நீங்க எங்கயுமே சொல்லலை. பெருசுல சேர்ந்தா கடன் உங்க தலையில. சின்னதுல சேர்ந்தா பழி உங்க தலையில. ரெண்டுக்கும் பயந்துக்கிட்டு கதை எழுதி வச்சிருக்கீங்க."

அவமானமாக இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒரே நாள்ல அவளை எழுதியிருக்கீங்க. யாரைப் பார்த்து எழுதினீங்க?"

அன்றைக்கு என் மகளுக்குப் பதினொரு வயது. நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது மேசைக்கடியில் உட்கார்ந்து, மெத்தைக்கு எதற்கு விளம்பரம், படுத்துப் பார்த்தால் தெரியாதா என்று என்னைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடுங்கலை அப்படியே எடுத்து எழுதினேன். இருபது வயதைக் கூட்டிக் கோட்டு மாட்டிவிட்டேன்.

"உன்னைப் பார்த்துத்தான்," என்றேன்.

அவள் தாள்களை மடித்தாள், பிரித்தாள். "அப்ப அந்தக் காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடியே அவ அப்படித்தான் இருந்திருக்கா."

"ஆமா."

"அப்ப காலேஜ் அவளுக்கு என்னதான் பண்ணுச்சு?"

"ஒரு ஹால் கட்டுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் போகவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கணினியில் ஒரே ஒரு தட்டு கேட்டது.

"எந்தக் காலேஜ்மா?" என்றேன் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"கதையை முடிச்சிட்டீங்களா?"

"நீ சொன்னாத்தானே முடிக்க முடியும்?"

"நீங்க முடிங்க, அப்புறம் சொல்றேன். எனக்கு நீங்க என்ன எழுதறீங்கன்னு பார்க்கணும்."

7

ஆக, நான் வசமாக மாட்டிக்கொண்டேன். முடிவை எழுதினால்தான் அவள் சொல்வாள். அவள் சொன்னால்தான் என்னால் எழுத முடியும். என் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏதாவது ஒண்ணை எழுதித் தொலைங்களேன்," என்கிறாள்.

எழுத மாட்டேன். ஒருமுறை அவளைக் கேட்காமலே அவளை எழுதி, அச்சடித்து, ஊருக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அது போதும்.

உங்களுக்கு இதற்குள் ஒரு கல்லூரி தோன்றியிருக்கும். மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கதவு மெல்லியது, உள்ளே கேட்டுவிடும். நான் '8' என்று மட்டும் எழுதி, கீழே முழுவதும் வெற்றாக விட்டு, தாளைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டேன்.

பேனா ஓடும் சத்தம் கேட்கிறது. பத்து நிமிடமாகியும் நிற்கவில்லை. இரண்டு கல்லூரிகளில் எதற்கும் அவ்வளவு நீளமான பெயர் கிடையாது.