நரைத்தாடி சொன்னாராம்

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாக என் வீட்டுக்காரர் கையில் ஸ்பூனோடு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது, கேஸ் கசிகிறது போலிருக்கிறது என்றுதான் பயந்தேன். வேறெதற்கு அந்த மனிதர் சமையலறைக்குள் வரப்போகிறார்? கசிந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம். அதை நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"என்னங்க, என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல. உப்பு பாக்கலாம்னு."

"யாரு, நீங்களா?"

"டிவியில அந்தச் சமையல்காரர் சொன்னாரு. இறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு ருசி பாக்கணுமாம். சமைக்கறவங்க நாக்கு சமைக்கும்போதே களைச்சுப் போயிடுமாம்."

கொதிக்கிற பருப்பில் ஸ்பூனை விட்டு, ஊதி, வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் ஒரு சிட்டிகை போடலாம்" என்றார். உப்பு டப்பாவின் மூடியை நான் திறந்த வேகத்தில் அது உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அவர் குனிந்து, துடைப்பக் கட்டையை விட்டு அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. பகல் முழுவதும் கம்பிகளோடும் கப்பிகளோடும் இருட்டுக் கூண்டுக்குள் இருக்கிறவருக்குப் பேச்சு அதிகம் தேவைப்படாது. சாப்பாட்டைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதெல்லாம் ஒரு "ம்" மட்டும்தான். இன்னும் கொஞ்சம் வை என்றாலும் ம், போதும் என்றாலும் ம். எது எந்த ம் என்று கண்டுபிடிப்பதற்கே எனக்கு இரண்டு வருடம் ஆனது. செய்தியும் கால்பந்தும் தவிர டிவியில் வேறெதையும் பார்க்காதவர், உலகத்துப் பெரிய சமையல்காரர்களைப் பற்றிச் சனிக்கிழமைதோறும் வரும் ஆவணப்படத் தொடரில் எப்படி விழுந்தார் என்பது புரியவில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு அப்போது அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. இரண்டாம் மாடி டீச்சர் பெரிய தட்டில் மூன்றே மூன்று உருளைக்கிழங்குத் துண்டுகளை வைத்து, சுற்றிலும் காலியிடம் விட்டு, பிள்ளைகளைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார். கீழ்வீட்டு முடிதிருத்துபவர் வெண்ணெயைப் பழுப்பாகும்வரை காய்ச்ச வேண்டும் என்று கேள்விப்பட்டு, இரண்டு வாணலிகளைக் கரியாக்கிவிட்டார். சரி, நம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடலோரமாகச் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கும் நரைத்த தாடிக்காரர் ஒருவர்தான் இவருக்கு எல்லாமாகிப் போனார். நான் அவருக்கு நரைத்தாடி என்று பெயர் வைத்தேன்.

இவர் ஸ்பூனோடு வருவதற்கு ஆறேழு மாதத்துக்கு முன்னால் எனக்குப் பத்து நாள் காய்ச்சல். போகும்போது அது சும்மா போகாமல் என் மூக்கையும் நாக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காபி என்பது சூடான தண்ணீர், ரொட்டி என்பது மெத்தென்ற அட்டை. ஒரு காலையில் பால் பொங்கி வழிந்து கருகி, வீடே புகைந்தபோது நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண் எரிந்த பிறகுதான் திரும்பினேன். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு நாளாகும் என்றார் டாக்டர். வராமலே போகிறவர்களைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. பகலில் சலவைக் கடையில் அறுந்த பட்டனும் பிய்ந்த ஜிப்பும் தைக்கிறவள் நான். பட்டன் தைத்ததற்காக யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டியதில்லை. சமையலில்தான் என் கொடி பறந்தது. சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றால் "அவ கைப்பக்குவம் வருமா" என்று பேச்சு வரும். அந்தக் கையை நம்பித்தான் நான் நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அதுவும் போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் காதால் சமைக்கப் பழகினேன். வெங்காயத்தில் ஈரம் இருக்கும்வரை ஒரு சத்தம், ஈரம் வற்றியதும் வேறு சத்தம். நிறத்தைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், உப்பை அளந்து போட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சமாளித்துவிட்டோம் என்று இருந்த நேரத்தில்தான், என் மூக்கு வேலை செய்யாத சமையலறைக்குள் இவர் தன் மூக்கை நுழைத்தார்.

தினமும் வந்தார். நரைத்தாடி அதைச் சொன்னாராம், இதைச் சொன்னாராம். மீனை வாங்கினதும் வீட்டில் இன்னொருவர் ஒருதரம் முகர்ந்து பார்க்க வேண்டுமாம். நேற்றைய பாலை இன்றைய பாலோடு சேர்க்கக் கூடாதாம்.

"இதைச் சொல்றதுக்கு உலகத்துலயே பெரிய சமையல்காரர் வேணுமா?"

"நல்லதுதானே சொல்றாரு."

"அப்ப அவரையே வந்து சமைக்கச் சொல்லுங்க. நான் போய் லிஃப்ட் பாக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஸ்பூனைக் கழுவுவார். இன்றில்லாவிட்டால் நாளைக்கு ஒரு கேள்வி கேட்பார், என் குட்டு உடைந்துவிடும். அப்புறம் என்னைப் பாவம் பார்ப்பார். பரவாயில்லை, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பார். அந்தப் பரவாயில்லையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், பக்கத்துத் தெருக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்து அவர் கிளம்பிப் போனார். நரைத்தாடியின் படத்தை மறுபடி போடுகிறார்கள் என்று டிவியில் ஓடியது. அந்த ஆள் அப்படி என்னதான் சொல்கிறார், அவர் பேச்சை வைத்தே இவரை மடக்கலாம் என்று, தைக்க வேண்டிய சட்டையோடு உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் முழுதாகப் பார்த்தேன். நரைத்தாடி அதிகம் பேசவேயில்லை. படகிலிருந்து இறங்கும் கூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பியோடு சண்டை போட்டுக் கடையைப் பிரித்துக்கொண்டதைச் சொல்லி, மூக்கைச் சிந்தினார். ருசி பார்க்க ஸ்பூனைத் தொடவில்லை, சுண்டுவிரலைத்தான் விட்டு நக்கினார். ரெண்டு பேர் ருசி பார்க்க வேண்டும், நாக்கு களைத்துவிடும், மீனை இன்னொருவர் முகர வேண்டும், நேற்றைய பால் என்று எதையும் அவர் சொல்லவில்லை. உப்பு என்ற வார்த்தைகூட அவர் வாயில் வரவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகும், இனிமேலாவது சொல்லிவிடுவாரோ என்று நான் காத்திருந்தேன்.

பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஸ்பூனோடு அவர் முதலில் வந்தது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், ஆனாலும் தட்டை வழித்துத்தான் வைத்தார். அதற்கு முன்னால் எத்தனை நாள் அப்படிச் சாப்பிட்டாரோ. ஒரு ம்மைத் தாண்டிப் பேசத் தெரியாத மனிதர், என்னிடம் வந்து நிற்பதற்காக, முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இத்தனை நாளாகத் தெரியாத மாதிரியே இருந்திருக்கிறாரே என்று கோபமும் வந்தது. அவர் கையெல்லாம் கிரீஸோடு வந்தபோது, சாப்பிடலாமா என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் என் நாத்தனார் வந்தார். இவருக்கு மூத்தவர். எதுவானாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். சமையலறை வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அகலப் பாத்திரத்தில் தக்காளியும் மீனும் கொதித்துக்கொண்டிருந்தன. வழக்கம்போல இவர் ஸ்பூனோடு வந்தார். அக்காவைப் பார்த்ததும் தயங்கினார். ஆனால் திரும்பிப் போகவில்லை.

"ஏன்டா, தண்ணிகூட எடுத்துக் குடிக்கத் தெரியாதவன் நீ" என்றார் நாத்தனார். "இவ சமையலுக்கு மேற்பார்வை பாக்க வந்துட்டியா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

இவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "இல்லக்கா, டிவியில ஒருத்தரு..." என்று ஆரம்பித்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாத்தனாரோடு சேர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும். இவர் அசடு வழிந்துகொண்டு நின்றிருப்பார், என் கொடி பறந்துகொண்டிருக்கும். இவரும் அதற்குச் சம்மதித்துத்தான் நிற்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் பாக்கட்டும் அண்ணி" என்றேன். "எனக்கு ருசி தெரியல. வாசனையும் தெரியல. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம், எட்டு மாசமாச்சு."

நாத்தனார் விளையாட்டு என்று நினைத்து என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "போன மாசம் வந்தப்பக்கூடவா? நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேனே."

"அன்னிக்கும் இவர்தான் ருசி பாத்தாரு."

நாத்தனார் எழுந்தார். ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, மேடையிலிருந்த வெள்ளரிக்காயையும் கத்தியையும் எடுத்து மடியில் வைத்துத் தோல் சீவ ஆரம்பித்தார். அதற்கு நான் அவருக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இவர் பாத்திரத்தில் ஸ்பூனை விட்டார். "உப்பு சரியா இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

"உப்பு கிடக்கட்டும். எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"நல்லாருக்கு."

"அது இல்லங்க. நேத்து நானும் அந்தப் படத்தைப் பாத்தேன். முழுசா பாத்தேன்."

கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கழுவுவதற்காகத் தொட்டியின் பக்கம் போகப் பார்த்தார். நான் வழியில் நின்றேன்.

"அவர் சொன்னது வேண்டாம். நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

கெட்டுப்போன மோட்டாரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கும்போது வைத்துக்கொள்வதைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"முதல்ல தக்காளி வருது. புளிப்பு. சட்டுனு மேல ஏறுது." நிறுத்தினார். "மீன் அவசரப்படல. மெதுவா வருது. வெங்காயம் அடியில இருக்கு, எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு. இனிப்புன்னு சொல்லலாம். ஆனா இனிப்பு இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் மிளகு. எல்லாரும் எறங்கிப் போன பின்னாடியும் அது மட்டும் உள்ளயே நிக்குது."

அவர் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. கத்தி வெள்ளரிக்காயில் பாதியில் நின்றிருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "பேரு தெரியல. இரு."

வேறு ஸ்பூன் எடுத்துக் குனிந்தார். ஆவி பட்டு அவர் கண்ணாடி முழுவதும் வெளுத்துப் போனது, அதைத் துடைக்காமலே வாயில் வைத்து, சொல்ல வருகிறவரைப் போல உதட்டைப் பிரித்தார், மூடிக்கொண்டார், மறுபடி பிரித்தார். நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.