சீரில் வந்த வாஷிங் மெஷின்

பாலசுந்தரம் எங்கும் சாய்ந்து நின்றதில்லை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஊர் பஸ் நிறுத்தத்தில் தூண் இருக்கிறது. தூணுக்கு ஒரு முழம் தள்ளி, சலவைச் சட்டை கசங்காமல் நிமிர்ந்துதான் நிற்பார். அப்படிப்பட்டவர், மாசி மாதத்தில் ஒரு நாள் பெரம்பலூரில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் கொல்லைப்புறத்துக்குக் கை கழுவப் போனவர், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இலக்கியா துவைகல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மெஷின் என்னாச்சு?"

"அது நல்லாத்தான்ப்பா இருக்கு. இது மெஷின்ல போடக்கூடாத துணி."

அவர் வாளிக்குள் பார்த்தார். மாப்பிள்ளை சக்திக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. கிரீஸும் பாகும் அப்பிய இரண்டு பேன்ட்டுகள் நுரைக்குள் கிடந்தன.

"இது என்ன, பட்டா?"

மகள் ஒரு பேன்ட்டை எடுத்து ஓங்கி அடித்தாள்.

சமையலறைக்குப் பக்கத்து நடையில் மெஷின் நின்றது. மேலே ஜரிகை போட்ட துணி விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா ஜாடி ஒன்றை வைத்திருந்தார்கள். பாலசுந்தரம் ஜாடியை இறக்கினார், துணியை விலக்கினார், பொத்தானை அமுக்கினார். மெஷின் மரியாதையாகத் தண்ணீர் பிடித்தது. இரண்டு சுற்று சுற்றியது. பிறகு வயிற்று வலிக்காரனைப்போல முனகி, குடித்த தண்ணீரை வெளியே விட மாட்டேன் என்று நின்றுவிட்டது. நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

ஆவணியில் கல்யாணம். மாசிக்குள் இப்படி.

இதில் மற்றவர்களுக்கு ஒரு மெஷின்தான் கெட்டிருக்கும். பாலசுந்தரத்துக்கு அப்படியில்லை. அவருடைய வீட்டிலிருந்து போன சீரில் இதுவரை ஒரு கரண்டிக் காம்பு கழன்றதாகப் பேச்சு கிடையாது. அவருடைய அக்காவுக்குக் கொடுத்த அண்டாவில் இன்றைக்கும் ஊர்த் திருவிழாவுக்குச் சோறு வடிக்கிறார்கள். இந்த மெஷினை வாங்கும்போதும் கடைக்காரனிடம், "இது எத்தனை தலைமுறைக்கு வரும்?" என்றுதான் கேட்டார். "மோட்டாருக்குப் பத்து வருஷம் கேரண்டி சார்" என்றான் அவன். "பத்து வருஷத்துக்கா கல்யாணம் பண்றோம்?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தவர் அவர்.

சீர் வரிசை வந்த அழகைப் பெரம்பலூரில் அந்தத் தெரு முழுக்கப் பார்த்தது. வெறும் பாத்திரத்தை யார் கையிலும் கொடுப்பது அவர்கள் வழக்கமில்லை. அண்டாவில் அரிசி, குடத்தில் வெல்லம், சம்படத்தில் மஞ்சள் என்று எல்லாம் நிறைந்துதான் போகும். மெஷினுக்கும் உள்ளே குழிவு இருக்கிறது, மூட ஒரு கதவு இருக்கிறது. ஆகவே அதுவும் பாத்திரம்தான் என்று தீர்மானித்து, சொந்த வயலில் விளைந்த நெல் ஒரு மரக்காலைத் தம் கையாலேயே உள்ளே கொட்டினார். வட்டக் கண்ணாடி வழியாக நெல் பொன்னாகத் தெரிந்தது. வீடியோக்காரர் அதை மட்டும் மூன்று பக்கமிருந்து எடுத்தார். பிறகு சம்பந்தியம்மா சிந்தாமணி அந்த நெல்லை முறத்தில் அள்ளி எடுத்துத் தைப் பொங்கலுக்குக் குத்திப் பொங்கல் வைத்ததைக் கேட்டு அவர் பூரித்தும் போனார்.

இப்போது அதே மெஷின் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறது.

சம்பந்தி அய்யம்பெருமாள் வெளியே போயிருந்தவர் வந்து சேர்ந்தார். அவரும் லேசில் வளைகிற மனிதர் இல்லை. துணி விலகியிருப்பதைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.

"பொங்கலுக்கு அப்புறமே நின்னுபோச்சுங்க சம்பந்தி. உங்க மனசு சங்கடப்படக்கூடாதுன்னுதான் சொல்லல."

சங்கடப்படக்கூடாதாம். அந்த வார்த்தைதான் பாலசுந்தரத்தின் நெஞ்சில் முள்ளாக ஏறியது. மகளைக் கொடுத்த இடத்தில் ஏச்சுக் கேட்டால் பதில் சொல்லலாம். இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வது?

"வண்டி வச்சு எடுத்துட்டுப் போறேங்க. மாத்தி வேற கொண்டாந்து எறக்குறேன்."

"அய்யோ அண்ணே," என்று சமையலறையிலிருந்து சிந்தாமணி வந்துவிட்டாள். "வந்த சீரு வாசலைத் தாண்டுனா தெரு என்ன பேசும்? மருமவளைச் சாமான் செட்டோட திருப்பி அனுப்பிட்டாங்கன்னு பேசும். அதுவும் எதிர் வூட்டு அம்பிகா இருக்காளே, சாயங்காலத்துக்குள்ள குரும்பலூர் வரைக்கும் சொல்லிப்புடுவா."

"அப்ப கம்பெனி ஆளை இங்க வரச் சொல்லிருக்கலாமே?"

அய்யம்பெருமாள் குரலைத் தாழ்த்தினார். "பைக்ல பெட்டி, சட்டையில கம்பெனி பேரு. வாசல்ல வந்து நின்னா, சம்பந்தி கொடுத்த சீரு ஆறு மாசத்துல படுத்துக்கிச்சுன்னு நாங்களே தண்டோரா போட்ட மாதிரில்ல? உங்க கௌரவம் எங்க கௌரவம் இல்லையா?"

ஆகவே இரண்டு குடும்பத்து கௌரவத்துக்காகவும் இலக்கியா துவைகல்லில் அடித்துக்கொண்டிருந்தாள்.

பாலசுந்தரம் கொல்லைப்புறம் போய், வேப்பமரத்தடியில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டார். முதலில் ஒரு பதிவுக்குரல் ஒன்றை அமுக்கச் சொன்னது, பிறகு நான்கை அமுக்கச் சொன்னது. கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

"வாங்குன தேதி சொல்லுங்க சார்."

"ஆவணி, வளர்பிறை முகூர்த்தம்."

"பொருள் யார் பேர்ல சார் இருக்கு?"

"சீர்ல கொடுத்ததும்மா. கொடுத்தப்புறம் எங்க பேரு எப்படி இருக்கும்?"

"மெஷின் என்ன பண்ணுது சார்?"

"எங்களைத் தலைகுனிய வைக்குது. அதுக்கு உங்க கம்பெனிதான் தலைகுனியணும். எழுதிக்கங்க."

அவள் எழுதிக்கொண்டாளோ என்னவோ, பெரம்பலூருக்கு மெக்கானிக் வருவார் என்று சொல்லி நம்பர் கொடுத்தாள். மெக்கானிக்கின் பெயர் நசீர், லப்பைக்குடிக்காட்டுக்காரர். பாலசுந்தரம் அவரை வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடைக்கு வரச் சொன்னார். வந்தவரின் கையில் ஒரு புது ஜரிகை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கொடுத்தார்.

நசீர் இரண்டையும் பார்த்தார். "எனக்கா? எதுக்குங்கய்யா?"

"நீங்க மெக்கானிக்கா வரக்கூடாது தம்பி. சொந்தக்காரரா வரணும்."

"சொந்தக்காரன்னா எந்த வகையிலங்க?"

"உடையார்பாளையத்துலேர்ந்து வர்ற ஒண்ணுவிட்ட மாமன் மவன். பேரு செல்லதுரை. அதிகம் பேசாதீங்க, போதும்."

நசீருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எதிரே நின்றவரின் நிமிர்வைப் பார்த்தால் சிரிக்கத் தோன்றவில்லை. டீக்கடையின் பின்பக்கம் போய் உடுத்திக்கொண்டு வந்தார். "கைலின்னா தூக்கத்துல கூட நிக்கும்ங்கய்யா. இது நடந்தாலே வழுக்குது," என்றார். பாலசுந்தரம் தம் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். தாம்பாளத்தில் ஸ்பேனரும் திருப்புளியும் அடியில் போக, மேலே வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை பாக்கு அடுக்கினார்கள்.

தெருவில் இருவரும் விருந்தாளி நடை நடந்தார்கள். சொல்லி வைத்தபடி அய்யம்பெருமாள் வாசலில் நின்று, "வாங்க வாங்க செல்லதுரை, அம்மா சொகமா இருக்காங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி வரவேற்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"அட, நசீர் தம்பி," என்றாள் அம்பிகா. "என்னா மாப்பிள்ளை கணக்கா வந்திருக்க? எங்க வூட்டு ஃபிரிட்ஜு மறுபடியும் தண்ணி வுடுது, போன் போட்டா எடுக்க மாட்டேங்குற."

ஒரு மாவட்டத்துக்கு அந்தக் கம்பெனிக்கு ஒரே மெக்கானிக்தான் என்பதைப் பாலசுந்தரம் யோசித்திருக்கவில்லை.

"விருந்துக்கு வந்தேன்க்கா," என்றார் நசீர், வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

"விருந்துக்கா? வாழைப்பழத்துக்கு நடுவுல ஸ்பேனரு நீட்டிக்கிட்டு இருக்கு. எங்க வூட்டுக்கு ஒரு நாளாச்சும் பழத்தோட வந்தியா நீ?"

இப்படிச் சொல்லிக்கொண்டே அவள் தெருவைத் தாண்டி, ஃபிரிட்ஜுக்கு நாள் குறிக்கிற சாக்கில் கூடவே உள்ளே வந்துவிட்டாள். வந்தவளைப் போகச் சொல்வது அந்த வீட்டு மரபு இல்லை. சிந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்கும் காபி போட்டாள்.

இனி ஒரே வழிதான். குற்றம் மெஷினுடையது, கம்பெனியுடையது என்று அம்பிகாவின் காதாலேயே கேட்க வைக்க வேண்டும். பாலசுந்தரம் மெஷின் பக்கத்தில் போய் நின்று உரத்த குரலில் சொன்னார்: "பாருங்க தம்பி. பொருள்ல என்ன மோசடி பண்ணிருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

நசீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மெஷினின் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதன் கீழே, பழங்களை இறக்கிவிட்டு, அந்தத் தாம்பாளத்தையே வைத்துத் திருகினார். உள்ளே தேங்கி நின்ற தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. பின்னாலேயே ஒரு கவளம் போல ஏதோ பொத்தென்று விழுந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பேன்ட் பஞ்சில் உருண்டு திரண்ட நெல். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி. அத்தனையும் ஊறிப் பருத்துக் கிடந்தது.

"இதாங்க அடைச்சிருக்கு," என்றார் நசீர். "டிரம்முல இருக்குற ஓட்டை வழியா ஒவ்வொண்ணா எறங்கியிருக்கு. மெஷின்ல ஒரு குறையும் இல்ல." பிறகு கதவைத் திறந்து, வாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்தார். "அட, இங்க வந்து பாருங்க."

மடிப்பின் இருட்டில் நான்கைந்து நெல் முளைவிட்டு, வெள்ளையாக, ஊசி ஊசியாக நின்றது.

"வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்களா? யாருங்க நெல்லைப் போட்டது?"

வட்டக் கண்ணாடி, பொன் போன்ற நெல், மூன்று பக்கமிருந்து எடுத்த வீடியோ எல்லாம் பாலசுந்தரத்தின் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. வீடியோவில் அம்பிகாவும் இருக்கிறாள். முன்வரிசையில் நின்று கையைத் தட்டுகிறாள். ஆனால் அவளுக்கு இன்னும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பிவிடலாம்.

"நான்தாங்க," என்றாள் இலக்கியா. "ஏதோ கவனமில்லாம, நெல்லுச் சாக்கை மெஷின்ல போட்டு…"

அம்பிகாவின் புருவம் ஏறியது. மருமகளின் கவனமில்லாமை சாயங்காலம் எங்கெங்கே போகும் என்பது அந்தப் புருவத்திலேயே தெரிந்தது.

"அவ இல்ல," என்றார் பாலசுந்தரம். முதுகு நிமிர்ந்தே இருந்தது. "நான் போட்டேன். ஒரு மரக்கா நெல்லு. வெறும் பாத்திரம் கொடுக்குற வழக்கம் எங்க வூட்ல கிடையாது. இதுலயும் போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியல."

மெஷின்கூடச் சொட்டுவதை நிறுத்தியிருந்தது.

அய்யம்பெருமாள் மெல்லக் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த முளைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அம்பிகாவின் பக்கம் பார்த்துத்தான் பேசினார்.

"சோப்புத் தண்ணி குடிச்சு, வெயிலே பார்க்காம, ரப்பருக்குள்ள கெடந்து முளைச்சிருக்கு. என் சம்பந்தி வயல் நெல்லுன்னா சும்மாவா? எத்தனை பேரு வூட்ல சீரா வந்த பொருள் முளை வுட்டுருக்கு? சொல்லு பார்ப்போம்."

சிந்தாமணி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. குங்குமச் சிமிழை எடுத்து வந்து மெஷினின் நெற்றியில், சிவப்பு விளக்குக்குப் பக்கத்திலேயே பொட்டு வைத்தாள். "அதைப் பிடுங்கிப்புடாத தம்பி. பக்குவமா எடு, தொட்டியில நட்டு வக்கிறேன்."

அம்பிகாவின் முகம் விழுந்துவிட்டது. "எங்க மருமவ கொண்டாந்த மெஷினும் ரெண்டு வருஷமா ஓடுது," என்றாள், காபியைக் கீழே வைத்தபடி. "ஒண்ணுமே முளைக்கல."

நசீர் வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூடியைத் திருகினார். மெஷின் தண்ணீர் பிடித்தது, சுற்றியது, ஓசையில்லாமல் வெளியே விட்டது. இலக்கியா ஓடிப்போய்க் கொல்லையிலிருந்த வாளியைக் கொண்டுவந்து அப்படியே உள்ளே கவிழ்த்தாள்.

சாப்பாடு முடிந்து பாலசுந்தரம் கிளம்பினார். வந்ததைவிட இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். சம்பந்தி கையைப் பிடித்தார். சம்பந்தியம்மா வாசல்வரை வந்தாள்.

"வர்ற சித்திரைக்கு நீங்களும் அண்ணியும் வந்து நாலு நாள் தங்கணும் அண்ணே. வெயிலுக்கு ஒண்ணும் பயமில்ல. நீங்க சீர்ல கொடுத்த ஏர் கூலரு மேல பரண்ல அப்படியே இருக்கு, பெட்டியக்கூடப் பிரிக்கல. சித்திரை மொத நாள் ஓட்டலாம்னு இருக்கோம்."

பாலசுந்தரம் செருப்பில் நுழைத்த காலை வெளியே எடுத்தார். கூலருக்கும் உள்ளே குழிவு உண்டு. தண்ணீர் ஊற்ற ஒரு தொட்டி உண்டு. மூட ஒரு மூடியும் உண்டு. பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் அவர் அதில் கொட்டியது நெல் இல்லை, எள்ளும் உளுந்தும் கலந்து இரண்டு படி.

டீக்கடையில் விட்டுவந்த பேன்ட்டை மாட்டிக்கொண்டு வேட்டியை மடித்துத் தருவதாக வாசலில் நின்ற நசீர் சொன்னார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி," என்றார் பாலசுந்தரம், தெருப்பக்கம் பார்த்தபடி. "பெல்ட்டும் இருக்கட்டும். சித்திரைக்கு முன்னாடி நீங்க இன்னொரு தடவை விருந்துக்கு வரணும்."